எலி ஈரல் ஏன் கசங்குகிறது?

கேள்வி: நான் தாவரவியல் ஆசிரியை. விலங்கியல் ஆய்வகமும் இப்போது என் தலையில். மெழுகில் பதித்த எலி ஈரலை மைக்ரோடோமில் (மெல்லிய சீவல் வெட்டும் கருவி) 5 மைக்ரானில் வெட்டினால் சீவல் கசங்குகிறது. சாயத்தில் கழன்று மிதக்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் பிளேடை மாற்றுங்கள் அம்மா, பாதிக் குற்றம் அதனுடையதுதான். அப்புறம் மெழுகுக் கட்டியை 10 நிமிடம் ஐஸ்மேல் கவிழ்த்து வையுங்கள். இளகிய மெழுகு கசங்கத்தான் செய்யும். சீவலை மிதக்கவிட்டு விரிக்கும் வெந்நீர்த் தொட்டி, 56 டிகிரியில் உருகும் மெழுகுக்கு 45 டிகிரி போதும். சீவலின் பளபளப்பான பக்கம் நீரைத் தொடட்டும்.

கழலாமல் இருக்க முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் சரிபாதி. ஸ்லைடில் ஒரு பொட்டு வைத்து, விரலால் துடைத்தெடுத்ததுபோல மெல்லிசாகத் தடவுங்கள். தாராளமாக அப்பினால் அதுவும் சாயம் குடிக்கும். ஒரு பெட்டி ஸ்லைடை நான் அப்படித்தான் கெடுத்தேன். இரவு முழுக்க 37 டிகிரியில் காயட்டும். சாயமெல்லாம் மறுநாள்தான்.