பிரிந்து வந்து தொடங்கிய சங்கத்துக்கு அரசுத் துறையில் அங்கீகாரம் எப்போது கிடைக்கும்?

பதிவு எண் வந்த பிறகும் அதிகாரி பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மத்திய அரசு ஊழியர் என்றும், தாய்ச் சங்கத்தோடு மனம் கசந்து வெளியே வந்தவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. தொழிற்சங்கமாகச் சட்டப்படி பதிவு செய்தால் சங்கம் சட்டத்தின் கண்ணில் உயிர் பெறும், அவ்வளவுதான். அங்கீகாரத்துக்கு 1993ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன. ஒரு பிரிவில், அதாவது தபால்காரர்கள் போல ஒரே வகை வேலை பார்க்கும் ஊழியர்களில், 35 சதவீதம் பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அடுத்த இடத்தில் இருக்கும் சங்கத்துக்கு 15 சதவீதமாவது வேண்டும். சம்பளத்தில் சந்தா பிடிக்கச் சொல்லி ஊழியர் எழுதிக் கொடுக்கும் படிவத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள். வாயிற்கூட்டத்தில் கை தட்டியவர்களை யாரும் எண்ணுவதில்லை.

நான் வட சென்னையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தபால்காரனாக இருந்தவன். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பீட்டுகளை, அதாவது ஒரு தபால்காரர் கடிதம் கொடுக்கும் தெருக்களின் இரண்டு தொகுதிகளை, சேர்த்து ஒரே ஆள் தலையில் கட்டியபோது கிளைச் செயலாளர் வாய் திறக்கவில்லை. அந்த ஆள் நான். தண்டையார்பேட்டைத் தெருக்களை முடித்துவிட்டுக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமும் போக வேண்டும். கேட் மூடினால் சரக்கு ரயில் போய் முடியும்வரை வெயிலில் நிற்க வேண்டும். மணியார்டருக்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்கு யார் பதில் சொல்வது? அந்த கேட்டில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமானார்கள், எத்தனை பெண்கள் பிரசவ வலியோடு ஆட்டோவில் காத்திருந்தார்கள்! அதை யாராவது கணக்கெடுத்தார்களா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அங்கே சைக்கிளைப் பிடித்தபடி நின்றபோதுதான் நாங்கள் நான்கு பேர் தனிச் சங்கம் பற்றி முதன்முதலில் பேசினோம்.

என்னைக் கருங்காலி என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒற்றுமையின் அருமை எனக்குத் தெரியும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர் வட்டாரத்தில் வளர்ந்தவன் நான். என் தாத்தா பின்னி ஆலைத் தொழிலாளி. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியால் இரண்டுபட்டுப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இறங்கிவிடும். பிரிவது நல்லது என்று நான் சொல்லவில்லை. கேட்க ஆளில்லாததால் பிரிந்தோம்.

எங்கள் கோட்டத்தில் பெரும்பாலோர் எங்கள் பக்கம் வந்தார்கள். ஆனால் சதவீதம் நாடு முழுவதும் இருக்கும் தபால்காரர்களை வைத்துப் பார்க்கப்படும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வட சென்னையே திரண்டு வந்திருந்தாலும் அந்தக் கணக்கில் அது ஒரு கைப்பிடி. போதாக்குறைக்கு, யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லாத சிலர் இரண்டு சங்கத்துப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு சங்கச் சந்தாதான் பிடிக்க முடியும். அந்தப் படிவங்களும் எங்களுக்கு உதவவில்லை.

அங்கீகாரம் இல்லையென்றால் அறிவிப்புப் பலகை கிடையாது, சங்கப் பணிக்குச் சிறப்பு விடுப்பு கிடையாது. எங்கள் சங்கத் தாளில் எழுதிய கடிதம் அப்படியே திரும்பி வந்தது. அதையே என் பெயரில் தனி மனுவாக எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்துப் பீட்டைப் பிரித்தார்கள். மறுநாள் காலை பழைய சங்கத்தின் பலகையில் "நமது சங்கத்தின் வெற்றி" என்று அறிவிப்பு. எழுதியவர் எனக்குக் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன். "எங்கே ஒட்டினால் என்ன தம்பி, உன் வேலை குறைந்ததா இல்லையா?" என்று தோளில் கை வைத்துக் கேட்டார். ஓய்வு பெற்றுவிட்டேன், இன்னும் அந்தக் கை என் தோளில் கனக்கிறது.

உங்கள் பிரிவில் சதவீதம் எந்த எல்லைக்குள் கணக்கிடப்படுகிறது, அடுத்த உறுப்பினர் சரிபார்ப்பு எப்போது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிவம் வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வேறு எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அதுவரை உறுப்பினர்களின் குறைகளைத் தனி மனுக்களாகக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.