காலநிலை ஒப்பந்தங்கள் ஏன் ஏட்டோடு நின்றுவிடுகின்றன?

இத்தனை ஒப்பந்தம் போட்டும் உலகின் கார்பன் உமிழ்வு ஏன் குறையவில்லை என்று கேட்கிறீர்கள். மீறுபவரைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை என்பதே முதல் காரணம். வளர்ந்த நாடுகளுக்கு உமிழ்வைக் குறைக்க இலக்கு வைத்த 1997 கியோட்டோ நெறிமுறை என்ற ஒப்பந்தத்தில் தண்டனை இருக்கத்தான் செய்தது: இலக்கைத் தவறவிட்டால், விட்டதோடு 30 சதவீதம் கூட்டி அடுத்த கட்டத்தில் குறைக்க வேண்டும். என்ன நடந்தது? இலக்கை எட்ட முடியாத கனடா, 2011-இல் விலகுவதாக அறிவித்துவிட்டது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி.

அப்புறம் 2015-இல் பாரிஸ் ஒப்பந்தம். எல்லோரையும் உள்ளே கொண்டுவர, இலக்கை அந்தந்த நாடே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாணவனே கேள்வித்தாள் தயாரிப்பது போலத்தான். அறிக்கை தருவது கட்டாயம். இலக்கை எட்டுவது கட்டாயமில்லை!

பணமும் இதே கதைதான். ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வளர்ந்த நாடுகள் 2009-இல் தந்த வாக்கு 2022-இல்தான் நிறைவேறியது. அதிலும் அரசுகள் வழி வந்ததில் பெரும்பகுதி கடன்.