வாசகர் கேள்வி – பதில்: ஸ்காட்லாந்தின் சமையல் பள்ளிகள்

எடின்பரோவில் 1875-இல் தொடங்கியதுதான் ஸ்காட்லாந்தின் முதல் சமையல் பள்ளி என்று படித்தேன். அதற்கு முன் அங்கே யாரும் சமையல் கற்றுத்தரவில்லையா?
– வாசகி, திருச்சி

கற்றுத்தந்தார்கள். ஆனால் தனி ஆட்களாக, கட்டணம் வாங்கிக்கொண்டு. 18-ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் சூசன்னா மெக்ஐவர் என்பவர் சமையலும் பேஸ்ட்ரியும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சமையல் புத்தகம் 1773-இல் அச்சானது. அதற்கும் முன்னால், 1736-இலேயே, திருமதி மெக்லின்டாக் பெயரில் கிளாஸ்கோவில் ஒரு குறிப்புப் புத்தகம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள்.

1875-இல் வந்தது வேறு வகை. நிர்வாகக் குழு, பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என்று எல்லாம் அதற்கு இருந்தது. கிறிஸ்டியன் கத்ரி ரைட் செயலாளர், லூயிசா ஸ்டீவன்சன் பொருளாளர். சொந்தக் கட்டடம் இல்லாததால் முதல் வகுப்புகள் நகர அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் நடந்தன. மேடையில் ஆசிரியை சமைப்பார், கூட்டம் பார்த்துக் குறிப்பெடுக்கும். பிறகு ஆசிரியைகளையே ஊர் ஊராக அனுப்பினார்கள். 1876-இல் லிவர்பூல், லீட்ஸ், கிளாஸ்கோ பள்ளிகளோடு கூட்டமைப்பு ஒன்றை உண்டாக்கி, சான்றிதழுக்குப் பொதுத் தரம் வகுத்தார்கள். 1891-இல் பள்ளி ஆதோல் கிரெசன்ட் தெருவுக்குப் போனது. பிற்காலத்தில் தெருப் பெயரைச் சொன்னாலே பள்ளி என்று புரிந்துகொண்டார்கள். இன்றைய குயின் மார்கரெட் பல்கலைக்கழகம் அதன் தொடர்ச்சிதான்.

பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று போராடியவர்களே பெண்ணை அடுப்படிக்கு அனுப்பும் பள்ளியைத் தொடங்கியது முரண்பாடாக இல்லையா?
– வாசகர், மதுரை

பாதி முரண்பாடுதான். அன்று பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் பட்டம் பெற 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமையல் கற்பிக்கிறோம் என்றால் எதிர்க்க யாருக்கும் மனம் வராது. அந்த வழியாகப் பெண்களுக்குச் சம்பளமுள்ள ஆசிரியத் தொழில் ஒன்று உருவானது. கணக்குவழக்கு, நிறுவனம், தேர்வு எல்லாம் பெண்கள் கையில் இருந்தன. லூயிசாவின் தங்கை ஃப்ளோரா 1873-லேயே எடின்பரோ பள்ளி வாரியத்துக்குத் தேர்வானவர். கிளாஸ்கோ பள்ளியின் கிரேஸ் பேட்டர்சன் 1885-இல் அந்நகர வாரியத்தில் இடம்பிடித்தார். கெட்டிக்காரத்தனமான வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

மீதிப் பாதி உறுத்தல். பள்ளிச் சிறுமிகளுக்கு இதே பாடம் தையலோடு சேர்ந்து வந்தபோது, மற்றப் பாடங்களின் நேரத்தைத் தின்றது. பையன்களுக்கு அந்த இழப்பு இல்லை. நடைமுறைக் கோளாறு ஒன்றும் உண்டு. கிளாஸ்கோவின் தொழிலாளர் குடும்பங்கள் பல, ஒற்றை அறையிலோ இரண்டு அறையிலோ வாழ்ந்தன. பள்ளியின் நல்ல அடுப்பில் கற்ற பண்டத்தை அங்கே போய்ச் செய்வது எப்படி? அதனால்தான் ஒரே பானையில் வேகும் பார்லி சூப்பும் தட்டையான இரும்புக்கல்லில் சுடும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டியும் உண்மையாகவே உதவின.

அந்தக் கல் ஸ்கோனை வீட்டில் செய்து பார்த்தேன். மஞ்சள் புள்ளிகளோடு, சோப்புக் கசப்பாக வந்தது. எங்கே தவறு?
– வாசகி, நாகர்கோவில்

சோடா மிகுந்துவிட்டது, அல்லது சலிக்காமல் போட்டிருக்கிறீர்கள். கட்டியாக நின்ற சோடாதான் அந்தப் புள்ளி.

அளவு: மைதா 225 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், கிரீம் ஆஃப் டார்டார் (புளிப்புத் தூள்) அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெண்ணெய் 25 கிராம், கெட்டி மோர் சுமார் 150 மில்லி. ஸ்பூனில் குவிக்கக் கூடாது, கத்தி முதுகால் வழித்துத் தட்டையாக அளக்க வேண்டும். இங்கே வேலை செய்வது அமிலமும் சோடா என்ற காரப்பொருளும்: மோரின் அமிலமும் டார்டாரும் சேர்ந்துதான் அரை டீஸ்பூன் சோடாவைத் தீர்க்கின்றன. மோருக்குப் பதில் பால் ஊற்றினால் டார்டாரை ஒரு டீஸ்பூனாக உயர்த்துங்கள். உயர்த்தாவிட்டால் மிஞ்சிய சோடா நாக்கில் தெரியும். நம் வீட்டு நீர்மோர் போதாது. அதில் புளிப்பும் குறைவு, திடமும் குறைவு. தயிரில் கொஞ்சமே தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள்.

உலர்ந்தவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலித்து, வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, மோரை ஒரே மூச்சில் ஊற்றி, கத்தியால் கலக்குங்கள். சப்பாத்தி மாவுபோல் பிசைந்தால் கெட்டது கதை, ரப்பராகிவிடும். கையில் லேசாக ஒட்டும் பதமே சரி. 1 சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி நான்காக வெட்டவும். கனமான தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். மெல்லப் பொன்னிறமானால் கல் தயார். உடனே கருகினால் தீ அதிகம், வெளியே தீய்ந்து உள்ளே மாவாகவே நிற்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம். ஓரத்தை அழுத்தினால் ஈரப்பிசுக்கு இருக்கக் கூடாது. மோர் பட்டதுமே நுரைக்கத் தொடங்கிவிடும் என்பதால், கலந்த மாவை வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போகாதீர்கள்.

பழைய ஸ்காட்டிஷ் குறிப்புகளில் வரும் மட்ச்கின், சொப்பின் எவ்வளவு?
– வாசகர், கோவை

பழைய ஸ்காட்டிஷ் பைன்ட் ஏறக்குறைய 1.7 லிட்டர். அதில் பாதி சொப்பின், அதாவது 850 மில்லி. கால் பங்கு மட்ச்கின், சுமார் 425 மில்லி. மட்ச்கினில் கால் பங்கு ஜில், 106 மில்லி அளவு.

1824-ஆம் ஆண்டுச் சட்டம் 1826-இல் நடைமுறைக்கு வந்ததும் பிரிட்டன் முழுவதற்கும் ஒரே அளவு ஆனது: பைன்ட் 568 மில்லி, ஜில் 142 மில்லி. ஆகவே புத்தகத்தின் ஆண்டைப் பார்க்காமல் அளக்காதீர்கள். 1773-ஆம் ஆண்டுக் குறிப்பின் பைன்டை இன்றைய பைன்டாக எடுத்தால் மூன்றில் ஒரு பங்குப் பால்தான் சேரும், புட்டிங் கல்லாக இறுகும். ஜில்லில் இது தலைகீழ்: பழைய ஜில்லுக்கு இன்றைய ஜில் ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும். சமையல் பள்ளிகள் அச்சிட்ட புத்தகங்களில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாமே புதிய அளவுதான்.

கிளாஸ்கோவின் 'டோ ஸ்கூல்' (பிசைந்த மாவுப் பள்ளி) எது?
– வாசகி, சேலம்

1876-இல் ஒன்று, 1878-இல் ஒன்று என அந்நகரில் தொடங்கிய இரண்டு சமையல் பள்ளிகள் 1908-இல் இணைந்து மனையியல் கல்லூரியாயின. அதற்கு ஊர் வைத்த பட்டப்பெயர் அது. கல்லூரியின் பாடநூலான 'கிளாஸ்கோ குக்கரி புக்' 1910-இல் வந்தது. 1993-இல் கல்லூரி கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது.

ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் சமையல் பாடம் இப்போதும் பெண்களுக்கு மட்டும்தானா?
– வாசகர், வேலூர்

இல்லை. 1975-ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்குப் பிறகு, பையன் என்பதற்காக யாரையும் வகுப்பில் சேர்க்காமல் விட முடியாது. அங்கே பள்ளித் தேர்வுகளில் ஒன்றான தேசிய நிலை 5-இல் 'செய்முறைச் சமையல்' ஒரு பாடம். இரண்டரை மணி நேரத்தில், நான்கு பேருக்கு, மூன்று சுற்று உணவு சமைத்துப் பரிமாற வேண்டும். நேரத் திட்டத்தை மாணவர்களே முதலில் எழுதித் தர வேண்டும். அதைப் பரிமாறும் நிமிடத்திலிருந்து பின்னோக்கி எழுதுவதே பாதுகாப்பு. குளிர வேண்டிய இனிப்பை முதலில் முடித்து வைக்காமல் சூப்புக்குக் காய் நறுக்கத் தொடங்கும் மாணவர் கடைசி அரை மணியில் மாட்டிக்கொள்வார்.