படத்தில் சிரித்தோம், கார்ட்டூனில் ஏன் சிரிப்பு வரவில்லை?

கேள்வி: ஜிம் கேரி நடித்த 'டம்ப் அண்ட் டம்பர்' படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதையே கார்ட்டூனாகவும் எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு, தேடிப் பிடித்துப் போட்டால், பெரியவன் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். சீக்கிரமே நிறுத்திவிட்டார்களாமே, ஏன்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: பெரியவனைத் திட்டாதீர்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அது 1995 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி டிவியில் சனிக்கிழமை காலைகளில் வரத் தொடங்கிய தொடர். எடுத்தது ஹன்னா பார்பரா நிறுவனம், மொத்தமே 13 எபிசோட். 1994-ல் ஜிம் கேரிக்கு 'ஏஸ் வென்ச்சுரா', 'தி மாஸ்க்', 'டம்ப் அண்ட் டம்பர்' என்று மூன்று படமும் பிய்த்துக்கொண்டு ஓடியதால், சூட்டோடு சூடாக அடுத்த வருடமே மூன்றையும் கார்ட்டூன் ஆக்கிவிட்டார்கள்.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். படத்தில் ஜிம் கேரி நடித்த லாய்டுக்கு முன்பல் உடைந்திருக்குமே, அது மேக்கப் கிடையாது. ஜிம் கேரிக்குச் சின்ன வயதில் நிஜமாகவே உடைந்த பல், இந்தப் படத்துக்காக மேலே போட்டிருந்த உறையைக் கழற்றிவிட்டு நடித்தார். அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மனுஷன் முகத்தை அப்படிக் கோணும்போது 'ஐயோ, எப்படிடா இது முடியுது' என்று வாய் பிளக்கிறோம், சிரிப்பு அங்கேதான் கிளம்புகிறது. கார்ட்டூனில் பென்சிலால் எந்த முகத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், அதனால் பார்க்கிறவனுக்கு ஆச்சரியமே வராது.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி இரண்டு மணிக்கு, ராஜா வேஷம் கம்பீரமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது கட்டியக்காரன் சட்டென்று திரும்பி, முன்வரிசைப் பாயில் தூங்கி விழும் பையனைப் பார்த்து ஒரு கொட்டாவி விடுவான் பாருங்கள், ஊரே எழுந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கொட்டாவியை வரைந்து காட்டினால் யார் சிரிப்பார்கள்?

அப்புறம் கதை. படத்தில் ஒரு பெண் விட்டுப்போன பெட்டியைக் கொடுக்கத்தான் லாய்டும் அவன் கூட்டாளி ஹாரியும் நாய் மாதிரி ரோமம் ஒட்டிய வேனில் அவ்வளவு தூரம் கிளம்புகிறார்கள். முட்டாள்தனம்தான், ஆனால் மனசு நல்ல மனசு. அதனால்தான் கடைசிவரை கூடவே போகிறோம். கார்ட்டூனில் வேனை மட்டும் வைத்துக்கொண்டு, கிட்டி என்று ஊதா நிறத்தில் ஒரு பீவரையும் (மரத்தைக் கடித்து அணை கட்டுமே, அந்த விலங்கு) சேர்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரு புது வம்பில் மாட்டிவிட்டார்கள்.

ஆனால் 'தி மாஸ்க்' கார்ட்டூன் 54 எபிசோட் ஓடியது. அந்தப் படத்திலேயே கண் பிதுங்கும், நாக்கு மேஜையில் உருளும், பாதி கார்ட்டூன்தான் அது. பிள்ளைகளுக்கு ஏதாவது போட வேண்டுமென்றால் அதைப் போடுங்கள்.

கேள்வி: 'டம்ப் அண்ட் டம்பர்' கார்ட்டூனுக்கு ஜிம் கேரியே குரல் கொடுத்தாரா?
- வாசகர், ஆற்காடு

பதில்: இல்லை. லாய்டுக்கு மேட் ஃப்ரூவர், ஹாரிக்கு பில் ஃபேகர்பாக்கி. இரண்டாமவரை நீங்கள் கேட்டிருக்கலாம், ஆங்கிலத்தில் 'ஸ்பாஞ்ச்பாப்' பார்த்தால் பேட்ரிக்காகப் பேசுவது அவர்தான்.