திகதியை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள அண்ணா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். வயது 26. கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளியிருப்பதால் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது. சோற்றைக்கூட ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறேன். கம்பி போட்டு ஒன்றரை வருடம். பேராதனை பல் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் பாதரசம் கலந்த பழைய வெள்ளிப் பல் அடைப்புகளை எடுத்துவிட்டு, எட்டு மாதமாகக் கன உலோக டிடாக்ஸ் (உடம்பிலிருந்து பாதரசம், ஈயம் போன்றவற்றை வெளியேற்றுவது) செய்கிறேன்: உலோகத்தைச் சிறுநீரில் இறக்கும் டிஎம்எஸ்ஏ மருந்து, குளோரெல்லா என்ற பாசி, பூண்டு கெப்சியூல். மீன், முட்டை இல்லை. 'டிடாக்ஸ் முடியாமல் எலும்பை வெட்டினால் உலோகமெல்லாம் இரத்தத்தில் கலக்கும்' என்கிறார் டிடாக்ஸுக்கு வழிகாட்டுபவர். சிறுநீர் ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். தள்ளிப்போடவா?

வாசகி

அன்புள்ள தங்கச்சி,

இந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். நிறுத்த வேண்டியது டிடாக்ஸை. நான் வைத்தியன் இல்லை. முடிவு உங்கள் சத்திரசிகிச்சை வைத்தியருடையது. ஆனால் இந்த எட்டு மாதக் கதை அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்குப் பயம் அதில்தான்.

முதலில் ரிப்போர்ட். பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் நேரே சிவப்புக் கோடு நீளமாக ஓடுகிறது, பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: சிறுநீர் எடுத்தது டிஎம்எஸ்ஏ விழுங்கிய பிறகு; ஒப்பிட்டிருப்பதோ மருந்தே எடுக்காதவர்களின் அளவோடு. அந்த மருந்தைக் குடித்தால் யாருக்கும் சிறுநீரில் உலோகம் கூடத்தான் செய்யும். அதற்காகத்தானே அந்த மருந்தே இருக்கிறது! இதை வைத்து உடலில் நஞ்சு இருக்கிறது என்று சொல்ல முடியாது. மருந்தில்லாமல் எடுத்த இரத்தப் பரிசோதனைதான் வேண்டும்.

எலும்பு விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வளர்ந்தவர்களின் உடலில் இருக்கும் ஈயத்தில் 90 வீதத்துக்கு மேல் எலும்பில்தான். பல வருடம் அங்கேயே கிடக்கும். கர்ப்ப காலத்திலும், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எலும்பு கரையும்போதும் அது இரத்தத்துக்கு வரும். ஆனால் தாடையில் வெட்டுவது முழு எலும்புக்கூட்டில் ஒரு சின்ன இடம். பெற்றரித் தொழிற்சாலை மாதிரி ஈயத்தோடு புழங்கும் இடத்தில் நீங்கள் வேலை செய்ததாகவும் எழுதவில்லை. அடைப்பில் இருந்த பாதரசமோ, அடைப்பை எடுத்துவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் பாதியாகக் குறையும், மருந்தில்லாமலே. ஒருவேளை இரத்தத்தில் ஈயம் உண்மையாகவே கூடியிருந்தால், முதலில் அதற்கு வைத்தியம், பிறகு தாடை. அப்போது வைத்தியரே திகதியை மாற்றுவார்.

டிஎம்எஸ்ஏ பொய் மருந்து இல்லை. ஈய நஞ்சுக்கு வைத்தியசாலையில் கொடுப்பதுதான். அங்கே வழக்கமாக ஒரு சுற்று 19 நாள். இடையிடையே இரத்தமும் ஈரலும் பார்ப்பார்கள், வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால். கிருமி நிறைந்த வாய்க்குள் கத்தி வைக்கப் போகிறார்கள்; அந்த அணுக்கள் இல்லாமல் புண் எப்படி ஆறும்? எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது எஃப்பிசி (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுத்தீர்களா? நாளைக்கே எடுங்கள். பூண்டு கெப்சியூல் இரத்தம் உறைவதைக் குறைக்கும். எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டு, இந்த வாரமே கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ஏசினாலும் பரவாயில்லை, மயக்க மருந்து கொடுப்பவருக்கும் சொல்லுங்கள்.

'சொட்டு ஏற்றினால் சீக்கிரம் முடியும்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் ஈடிடிஏ என்ற உலோகம் இறக்கும் மருந்தைச் சொட்டாக ஏற்றி, இரத்தத்தில் கல்சியம் இறங்கி மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பேர் குழந்தைகள்.

சாப்பாட்டையும் இன்றிலிருந்தே மாற்றுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிழமைக்கணக்கில் கஞ்சியும் சூப்பும்தான், உடம்பு தானாக இளைக்கும். இப்போதே இளைத்துப்போய்க் கட்டிலில் ஏறக்கூடாது. நம் தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தம் குறைவது புதிதல்ல, ஹீமோகுளோபினையும் கேட்டுப் பாருங்கள். பாதரசம் சேர்வது சுறா மாதிரிப் பெரிய மீனில். நெத்தலியில் மிகக் குறைவு, தாராளமாகச் சாப்பிடலாம். முட்டையும்தான்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணா