மூன்றாவது கேள்வி

அன்புள்ள ஐயா,

எனக்குச் செட்டிநாட்டில் ஆத்தங்குடிப் பக்கம். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு நுழைவுத்தேர்வு எழுதினேன், தேறிவிட்டேன். அடுத்த மாதம் 18ஆம் தேதி ஆன்லைனில் இன்டர்வியூ. எங்கள் பள்ளியில் இப்படி ஒன்றுக்குப் போனவர்கள் யாரும் இல்லை. மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பில் நாற்பது கேள்வி பதில்களை இங்கிலீஷில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அப்பா தரைக்கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அதை அப்படியே சொல்லாமல் ‘டைல்ஸ் பிசினஸ்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்று வாசிப்பைப் போட்டிருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், பேச வராது. எப்படித் தயார் ஆவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டதால் விட்டிருக்கிறேன்.)

அன்புள்ள மாணவிக்கு,

எங்கள் வீட்டில் அப்பாவின் அப்பாவைத்தான் ‘ஐயா’ என்போம். உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்ததும் அவர் ஞாபகம் வந்துவிட்டது. அவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டியிருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. நம் ஊரில் கலந்தாய்வு என்றால் மதிப்பெண் பேசும், நாம் பேச வேண்டியதில்லை. இன்ஜினியரிங் என்றால் கணக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். 2007 முதல் அதற்கு நுழைவுத்தேர்வும் கிடையாது. அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி அப்படித்தான் வந்தார். ஆனால் எதிரே உட்கார்ந்து ‘ஏன்’ என்று ஒருவர் கேட்பதற்கு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது.

1981இல் சென்னையில் ஒரு முதுகலைப் படிப்புக்கு நான் இன்டர்வியூ போனேன். விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் ‘நாணயம் சேகரித்தல்’ என்று எழுதியிருந்தேன். ஐயா விட்டுப்போன ஒரு தகர டப்பாவும் அதில் கொஞ்சம் வெள்ளி ரூபாய்களும், அவ்வளவுதான் என் சேகரிப்பு. எதிரே மூன்று பேர். என்ன நாணயம் வைத்திருக்கிறாய் என்றார் ஒருவர். ரங்கூனில் கடையில் இருந்த எங்கள் ஐயா கொண்டுவந்த ரூபாய் என்றேன். அதில் என்ன எழுதியிருக்கிறது? ஐந்தாம் ஜார்ஜ் தலை, பின்னால் ஒன் ருபீ, இந்தியா, 1919. இதுவரை கெத்தாகத்தான் போனது. மூன்றாவதாக, அவர்களில் ஒரு அம்மாள் கேட்டார்: “ரங்கூனிலிருந்து வந்த காசில் ஏன் இந்தியா என்று போட்டிருக்கிறது?”

எத்தனையோ தரம் புளி போட்டுத் தேய்த்து வைத்த காசு. ஒரு நாளும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. “இங்கிருந்து கொண்டுபோனதைச் செலவு பண்ணாமல் திரும்பக் கொண்டுவந்திருப்பார்” என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். இடம் கிடைக்கவில்லை.

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அங்கே புழங்கியதும் இதே ரூபாய்தான். நம் பக்கத்து ஆட்கள் அங்கே கடை போட்டு வட்டித் தொழில் நடத்த முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் வீட்டுக் கதை முழுக்க அந்த ஒரு காசில் இருந்தது, நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நானே சில இடங்களில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு மனப்பாடம் கைகொடுக்கிறது. மூன்றாவது கேள்வி நீங்கள் சொன்ன பதிலிலிருந்து வருவது, அது எந்த நாற்பதிலும் இருக்காது. உண்மையான இன்டர்வியூ அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐயா பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர். வட்டிக்கடையை நடத்துபவர் மேலாள், அவருக்கு அடுத்தவர் அடுத்தாள், அதற்கும் கீழே எடுபிடியாகப் பெட்டியடி. போகும் முன் ஒரு பெரியவர் முன்னால் நிறுத்தினார்களாம். முதலில் வட்டிக் கணக்கு, வாயாலேயே. அப்புறம், “இந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பாய்?” அதற்கும் ஏதோ சொல்லியிருக்கிறார். “சரி, அவன் தரவில்லை என்றால்?” ஐயா என்ன சொன்னார் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதுவும் என் தப்புதான்.

இப்போது உங்கள் பட்டறைக்கு வருவோம். ‘டைல்ஸ் பிசினஸ்’ என்றால் அடுத்த கேள்வி எத்தனை ஷோரூம் என்று வரும், அப்போது என்ன செய்வீர்கள்? அப்பா ஆத்தங்குடி கல் போடுகிறார் என்று சொல்லுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. தவிர, அந்தப் பேச்சில் உங்களை விட அவர்களுக்குக் கம்மியாகத்தான் தெரியும்.

ஆனால் உங்களுக்கும் முழுசாகத் தெரியுமா? கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது, பிறகு பளபளப்பு எங்கிருந்து வருகிறது? கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது. சரி, ஏன் நாள்கணக்கில் தொட்டித் தண்ணீரில் ஊறவேண்டும்? காய்வதால் சிமெண்ட் இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை நடந்துதான் இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போனால் பலமும் போகும். நீங்கள் சேரப்போவது பொருளாதாரம் என்பதால் அவர்கள் வேறு பக்கம் திரும்பலாம். கூலி நாளுக்கா கல்லுக்கா? சிமெண்ட் விலை ஏறினால் யார் தலையில் விழுகிறது? கடையில் மெஷின் டைல்ஸ் குவிந்து கிடக்கும்போது கையால் போட்ட கல்லை யார் வாங்குகிறார்கள்? மழைக்காலத்தில் வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது? இதையெல்லாம் இன்று ராத்திரியே அப்பாவிடம் கேளுங்கள். “அது அப்படித்தான்” என்பார். மறுபடி கேளுங்கள்.

விண்ணப்பத்தின் நகல் கையில் இருக்கிறதல்லவா? அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ‘வாசிப்பு’ என்று எழுதியது கண்ணிவெடி. கடைசியாகப் படித்த புத்தகம் எது, அதில் எதை ஏற்கவில்லை என்று வரும். பத்துப் புத்தகத்தின் பெயர் வேண்டாம், ஒன்றை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள்.

இங்கிலீஷ் பற்றி. கல் போடுவதைக் கண்ணாடியிலிருந்து தொட்டி வரை சத்தமாக, தப்பும் தவறுமாக, தினம் ஒருமுறை யாருக்காவது சொல்லுங்கள். மாட்டிக்கொள்ளும் இடத்தில் எந்தச் சொல் வரவில்லை என்று குறித்து, அதை மட்டும் தேடிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் முப்பது சொல் சேரும், எல்லாம் உங்களுக்கு வேண்டிய சொல். பேச்சின் நடுவில் நின்றுபோனால் “ஒரு நிமிடம், யோசிக்கிறேன்” என்று சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். என்னைப் போல ஐயாவின் சிக்கனத்தை இழுக்காதீர்கள்.

மற்றபடி போனில் சார்ஜ், பக்கத்தில் இன்னொரு போன், முகத்துக்கு எதிரே வெளிச்சம். அந்த இருபது நிமிடம் மிக்ஸி ஓடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமாகப் போடும் நல்ல சுடிதார் போதும்.

18ஆம் தேதிக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் கூப்பிடுங்கள், எண்ணைத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அரை மணி நேரம் கேள்வி கேட்கிறேன். இங்கிலீஷில்தான் கேட்பேன், என் இங்கிலீஷும் சுமார்தான் என்பதால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.