எடை குறைந்த வேட்டை ரைஃபிள்: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

கேள்வி: மலைச்சரிவுகளில் ஏறி இறங்கி மான் வேட்டையாடுகிறேன்; உரிமம் உண்டு. என் ரைஃபிள் ஸ்கோப்புடன் 4.5 கிலோ. அதில் பாதி எடையுள்ள ஒன்றை வாங்கலாமா? நண்பரின் இலகுவான ரைஃபிளைச் சுட்டுப் பார்த்தேன். முதல் மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்தன. அடுத்த இரண்டும் மேலே போய்விட்டன.

பதில்: பாதி எடை வேண்டாம். ஸ்கோப், தோள்வார், தோட்டாக்கள் எல்லாம் சேர்த்து 3.2 முதல் 3.5 கிலோ போதும். தோட்டா மாறாமல் துப்பாக்கியின் எடை மட்டும் பாதியானால், சுடும்போது அது பின்னோக்கித் தோளில் தரும் உதையின் ஆற்றல் இரு மடங்காகிறது. அந்த உதைக்கு அஞ்சி, விசையை இழுக்கும் கணத்தில் உடல் சுருங்கும். குறி தவறுவது பெரும்பாலும் அங்கேதான். மலையேறி மூச்சு வாங்கும்போது காற்றில் ஆடும் குச்சி போன்ற துப்பாக்கியை நிலையாகப் பிடிப்பதும் கடினம்.

ஆகவே முதலில் தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். மானுக்கு 6.5 கிரீட்மோர் அல்லது 7எம்எம்-08 தாராளம். 308 வின்செஸ்டரும் நல்லதே. உதை சற்றுக் கூடுதல். இலகுவான ரைஃபிளில் மேக்னம் தோட்டா, அதாவது வெடிமருந்து கூடுதலான வலுத்த தோட்டா என்பது, என்னைக் கேட்டால், காசு கொடுத்து வாங்கும் தோள்வலி.

எடையைக் கட்டையிலும் (குழலைத் தாங்கி, தோளில் அணையும் பகுதி) ஸ்கோப்பிலும் குறையுங்கள். கார்பன் இழைக் கட்டை விலை அதிகம்தான், ஆனால் விறைப்பானது. மலிவான பிளாஸ்டிக் கட்டையின் முன்பகுதி வளைந்து குழலைத் தொடக்கூடும்; தொட்டால் குறி மாறும். 3-9x40 அளவுள்ள (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.) எளிய ஸ்கோப் இந்த வேலைக்குப் போதும். ஆனால் அது கண்ணிலிருந்து 9 செ.மீ.யாவது தள்ளி இருந்தாலும் முழுக் காட்சி தெரிய வேண்டும்; இல்லையேல் புருவம் கிழியும்.

நண்பரின் ரைஃபிளில் நீங்கள் கண்டது மெல்லிய குழலின் இயல்பாக இருக்கலாம். சூடேறும்போது குழலில் உள்ள இறுக்கம் சமனின்றித் தளர்ந்து, குண்டு ஒரு பக்கமாக நகரும். வேட்டையில் முதல் குண்டும், தேவைப்பட்டால் இரண்டாவதும்தான் கணக்கு. எனவே மூன்று சுட்டுவிட்டுக் குழல் ஆறும்வரை காத்திருங்கள். வெவ்வேறு நாட்களில் ஆறிய குழலிலிருந்து முதல் குண்டை மட்டும் ஒரே காகிதத்தில் சுட்டுச் சேர்த்து வாருங்கள். உங்கள் ரைஃபிளின் உண்மையான துல்லியம் அதில் தெரியும். அந்த முதல் குண்டுகளும் சிதறினால் குற்றம் வேறெங்கோ.

அப்போது துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா இல்லையென உறுதிசெய்துவிட்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். முன்முனையில் வேண்டுமென்றே முட்டுக் கொடுத்த சில வடிவமைப்புகள் தவிர, மற்றவற்றில் தாள் தடையின்றிச் செல்ல வேண்டும். பிறகு கட்டையைப் பிணைக்கும் திருகுகள், ஸ்கோப் வளையத் திருகுகள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குமானி கொண்டு இறுக்குங்கள். வளையத் திருகுகளுக்கு வழக்கமாக 2 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவே போதும்; கைப்பலத்தைக் காட்டினால் ஸ்கோப் நசுங்கும். சுடும் விசை 1.2 கிலோ அளவு இழுப்பில் விடுபட்டால் நல்லது. அதைத் திருத்துவதைத் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் விடுங்கள்.

குறியமைக்கும்போது துப்பாக்கியின் முன்பகுதியை மணல்மூட்டையில் வெறுமனே வைக்காமல் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இலகுவான ரைஃபிள் உதையில் துள்ளும். 100 மீட்டரில் 4 முதல் 5 செ.மீ. மேலே படுமாறு அமைத்தால், நான் சொன்ன தோட்டாக்கள் 200 மீட்டரில் குறியை ஒட்டி விழும். அதையும் 200 மீட்டரில் சுட்டே உறுதிசெய்யுங்கள். வேட்டைக்குக் கிளம்பும் முன் குழலுக்குள் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பூச்சோடு போகும் முதல் குண்டு இடம் மாறி விழக்கூடும்.